பென்சில் தூளுக்கு ஃபிளாஷ் அடித்தால் கிராஃபீன் வருமா?

"பென்சிலைத் தாளில் தேய்த்து கேமரா ஃபிளாஷ் அடியுங்கள், கிராஃபீன் தயார்!" பினாங்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கிய 2பி பென்சிலில் நானும் செய்து பார்த்தேன். சாம்பல் கிறுக்கல் சாம்பலாகவே இருந்தது. இருக்காதா பின்னே? ஃபிளாஷ் ஒளியின் வேலை ஆக்சிஜனை விரட்டுவதுதான்; பென்சில் கரியான கிராஃபைட்டில் ஆக்சிஜனே இல்லையே!

2009இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் ஃபிளாஷ் அடித்தது கிராஃபைட் ஆக்சைடு மீது. கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்டு கிராஃபைட்டில் ஆக்சிஜனை ஏற்றிய பழுப்புப் பொருள் அது. ஃபிளாஷின் சூட்டில் 'பட்' என்ற ஒலியோடு ஆக்சிஜன் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும்; படலம் கறுத்துப் புடைத்து, மின்சாரம் கடத்தத் தொடங்கும். அப்போதும் கிடைப்பது குறைகள் மிகுந்த சரக்குதான், தூய கிராஃபீன் அல்ல.

வீட்டில் முயல வேண்டாம்: பொட்டாசியம் உப்பு தங்கிய ஆக்சைடு ஃபிளாஷிலேயே தீப்பற்றக்கூடும்.