சுவரில் ஒட்டிய விசுவாசம்

ஞாயிறு ஆராதனை முடிந்தபிறகு என்ன நடந்தது என்று எங்கள் சபையில் இருக்கிறவர்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஆவிக்குரிய வளர்ச்சி அட்டவணை' என்று ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது. வேதம் வாசித்த நாளுக்கு ஒரு நட்சத்திரம், சூம் காலை ஜெபத்துக்கு ஒன்று, புதன் கூட்டத்துக்கு ஒன்று. மூன்று மாத முடிவில் மேலே நின்றவர்களுக்குப் பரிசும் கைதட்டலும். அதுவரைக்கும் சரி. கீழே நின்றவர்களின் பெயர்களையும் மைக்கில் வாசித்து, "இவர்களுக்காக விசேஷமாக ஜெபிப்போம்" என்றார்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசிப் பெயர் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். நான் இங்கே பெயர் போடப் போவதில்லை, மைக்கில் ஒருமுறை கேட்டதே அவருக்குப் போதும். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற அக்கா. விடியச் சாமம் எழும்புகிறவர். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கமெராவையும் மூடிவிட்டுக் காலை ஜெபத்தில் சேருகிற நேரத்தில் அவர் எங்கள் திருகோணமலையில் மட்கோ பக்கம் நடையாய் நடந்து இடியப்பம் கொடுத்துக்கொண்டிருப்பார். அவரிடம் இருக்கிற போனில் சூம் வேலை செய்யாது. இது சபைக் கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வாசித்தார்கள்.

என் பெயர் அந்த அட்டவணையில் மேலிருந்து மூன்றாவது. ஆகவே 'கீழே நின்றவளின் எரிச்சல்' என்று எழுத விரல் துருதுருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். காலையில் முற்றத்தில் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசிக்க எனக்கு முடியும். என் நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் என் ஓய்வூதியத்துக்குக் கிடைத்தவை.

விசுவாசத்தில் ஒருவர் வளர்கிறாரா என்பதைச் சுவரில் ஒட்டிப் பார்க்க முடியாது. 'சரி' அடையாளம் போட்டதை மட்டும்தான் ஒட்டலாம். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வரும். ஆதியாகமம் கதையாய் ஓடிவிடும். யாத்திராகமத்தில் பாதி வரைக்கும் பிரச்சினை இல்லை. ஜனவரி முடிகிற நேரம் லேவியராகமம் வரும், கொழுப்பும் குண்டிக்காயும் குஷ்டமும் வரும், வட்சப் குறூப் அப்படியே அடங்கிவிடும். அப்புறம் பட்டியல் எடுக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்த இரவில் ஒரு சகோதரர் எண்ணாகமத்தின் 36 அதிகாரங்களையும் முடித்துவிட்டார். ஆவியானவரின் வல்லமைதான், வேறு என்ன சொல்ல?

அப்போஸ்தலர் பவுல் தன் சீடர் திமோத்தேயுவுக்குக் கடிதம் எழுதியபோது அதிகாரமும் கிடையாது, வசன எண்ணும் கிடையாது. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்கள் 1551இல் வந்தன. ஆதிச் சபையில் பெரும்பாலானவர்களுக்கு வாசிக்கவே தெரியாது. நிருபம் வந்தால் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கூடியிருந்து கேட்பார்கள், கேட்டதைப் பற்றிக் கதைப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் அட்டவணையில் பவுல் நிருபம் எழுதிய கொரிந்து சபை முழுவதும் கடைசியில் நின்றிருக்கும். (உட்சண்டை நிறைந்த கொரிந்து வேறு காரணங்களுக்காகவும் கடைசியில் நின்றிருக்கும், அதை விடுவோம்.)

"அப்போ வேதம் வாசிக்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? வாசிக்க வேண்டும். தினமும் வாசிக்க வேண்டும். பெரேயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17இல் இருப்பது எனக்கும் தெரியும், அனுப்ப வேண்டாம். அவர்கள் கேள்விப்பட்டது உண்மையா என்று ஆராய்ந்தார்கள். யார் எத்தனை நாள் ஆராய்ந்தார் என்று பவுல் வாசலில் நின்று கணக்கு எடுக்கவில்லை. ஜெபத்தைப் பற்றி இயேசு சொன்னது, உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம்பண்ணு என்று. நாங்கள் கதவைப் பூட்டினோமா என்று பார்க்க ஆள் வைத்திருக்கிறோம். லூக்கா 18இல் இயேசு சொன்ன கதையில் பெருமைக்காரப் பரிசேயர் ஒருவர் தேவாலயத்தில் நின்று தன் கணக்கை ஒப்புவிப்பாரே, வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம் என்று? அவருக்கு எங்கள் சபையில் முதல் பரிசு நிச்சயம்.

இளம் பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டும் என்கிறீர்கள். சரி, ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒட்டுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஐம்பது தாண்டிய மனுஷிக்கு ஒட்டாதீர்கள்.

என் கணவர் பெரியாஸ்பத்திரியில் கிடந்த காலத்தைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. இப்போதும் எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. குறூப்பில் போட்டேன். கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. 'ஜெபத்தில் தாங்குகிறோம் சகோதரி.' சங்கீதம் 91ஐ மட்டும் எத்தனை பேர் அனுப்பினார்கள்! வார்ட்டுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் இந்த அக்கா வியாபாரம் முடித்து, குளித்து, சோற்றுப் பார்சலோடு பின்னேரங்களில் வருவார். "நீ வீட்ட போய்க் குளிச்சிட்டு வா பிள்ள, நான் இருக்கிறன்" என்பார். நான் திரும்பி வரும்போது அவர் கட்டிலருகில் இருந்து இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். வசனங்கள் வரிசை மாறி வரும், மரணப் பள்ளத்தாக்கு முதலில், புல்லுள்ள இடம் பிறகு. அவருடைய ஆச்சி சொல்லக் கேட்டுப் பாடமாக்கியது. அவர் சொன்னால்தான் இந்த மனுஷன் நித்திரை கொள்ளும்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு உம்மாவின் மகன். அக்கா முதல் நாளே அந்த உம்மாவையும் சாப்பிட வைத்தார். பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிள்ளைகளின் கதை சொல்லிக்கொண்டு இருந்தார்கள். நான் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அக்கா என் கணவரோடு அந்தப் பொடியனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவார். இதற்கு எத்தனை நட்சத்திரம்? அட்டவணையில் எந்தக் கட்டத்தில் ஒட்டுவது? யாராவது கமிட்டியில் கேட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் மெதடிஸ்த வழியில் வந்தவர்கள், எங்கள் சொந்தக் கதையாவது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சபைக் கட்டடத்துக்குக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்போம் என்றார் ஃபோய் என்கிற கப்டன் ஒருவர். ஏழைகளால் முடியாதே என்றார்கள். அப்படியானால் மிக ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் தாருங்கள், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே கட்டுகிறேன் என்றார் அவர். அந்தப் பதினொரு பேரின் வீடுகளுக்கு வாரந்தோறும் போகப் போகத்தான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவந்தது. மெதடிஸ்த வழியைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள், அதாவது வாராந்தச் சிறு குழுக்கள், அப்படித்தான் தொடங்கின. 1814இல் இலங்கைக்கு மிஷனரிமார் கொண்டுவந்ததும் அந்தப் பழக்கத்தைத்தான். எங்கள் கமிட்டியில் இடியப்ப அக்காவின் வீட்டுக்கு யார் போயிருக்கிறார்கள்? படியேறியவர்கள் கை உயர்த்துங்கள்.

"வெஸ்லியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டுக் கொடுத்தார், ஒழுங்கில்லாதவர்களுக்குக் கொடுக்கவில்லை" என்று வரலாறு படித்த தம்பி ஒருவர் எழுதுவார். எழுதட்டும். வாரந்தோறும் வீட்டுக்குப் போன பிறகு கொடுத்த சீட்டு அது. நீங்களும் முதலில் போங்கள், பிறகு சீட்டைப் பற்றிக் கதைப்போம்.

இன்னொன்று வரும், எனக்குத் தெரியும். "சபை விஷயத்தை ஏன் முகநூலில் போடுகிறீர்கள், மத்தேயு 18இன்படி தனியாகப் போய்ச் சொல்லலாமே?" நல்ல கேள்வி. அந்த வசனம் அந்த மைக்குக்கும் பொருந்தாதா? இடியப்ப அக்காவிடம் யார் தனியாகப் போய்ச் சொன்னது? நான் திங்கட்கிழமை கமிட்டிக்குப் போன் எடுத்தேன். "அக்கா நீங்க சென்சிட்டிவ்வா எடுக்கிறீங்க" என்றார் பொறுப்பானவர். சென்சிட்டிவ்! அதே ஆளின் மகளின் கலியாணத்துக்கு முந்திய இரவு முழுக்க இருந்து பலகாரம் சுட்டவர் இந்த இடியப்ப அக்கா. படங்களில் அவர் இருக்க மாட்டார், குசினிப் பக்கம் கமெரா போகவில்லை.

யோசித்தால் அட்டவணை மட்டும் இல்லை. முன்வரிசைக் கதிரை யாருக்கு என்று எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். மின்விசிறியில் கூட அன்பளித்தவர் பெயர் எழுதியிருக்கிறது. 2004 டிசம்பர் 26உம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கடல் வந்து போன அன்று இந்த ஊரில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று திறந்திருந்த இடமெல்லாம் சனம் போய் இருந்தது. நனைந்த உடுப்போடு வந்தவரிடம் நேற்று எத்தனை அதிகாரம் வாசித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அன்று அண்டாவில் சோறு கிண்டிய கைகளில் இப்போது நட்சத்திரம் ஒட்டுகிற கைகளும் உண்டு, அதுதான் எனக்கு இன்னும் நோகிறது. எப்படி மறந்தீர்கள்?

போதகர் ஐயா அன்று ஊரில் இல்லை. அவர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் நம்புகிறேன், அவரை இதில் இழுக்காதீர்கள்.

அக்கா புதன் கூட்டத்துக்கு வரவில்லை. அன்று மாலை நான் வீட்டுக்குப் போனேன். மா வறுத்துக்கொண்டிருந்தார். "அவங்க ஜெபிக்கிறதெண்டுதானே சொன்னவங்க, நல்லதுதானே பிள்ள" என்றார். கோபம் அவருக்கு வரவில்லை, எனக்குத்தான் வருகிறது, அதைக் குறித்தும் யாராவது எனக்காக விசேஷமாக ஜெபிக்கலாம்.

என் பெயரை அட்டவணையில் இருந்து எடுத்துவிடும்படி இன்று காலை கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பரிசாகத் தந்த பிளாஸ்கையும் கூடவே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளி வீட்டுக்கூட்டம் எங்கள் வீட்டில், ஏழு மணிக்கு. வருகைப் பதிவு கிடையாது. இதைப் பற்றி என்னோடு வாதாட இருக்கிறவர்கள் அங்கே வாருங்கள், உள்பெட்டியில் வசனம் அனுப்ப வேண்டாம்.