ஊட்டியில் ஃபுல் சார்ஜ் போடாதீங்க

எங்க மச்சான் பிளக்-இன் ஹைபிரிட் கார் எடுத்திருக்கிறார். பேட்டரியும் உண்டு, பெட்ரோல் டேங்கும் உண்டு. "ராத்திரி வீட்டுல சொருகி விட்டா காலைல ஃபுல்லுங்க மாப்ளே" என்று ஒரே பெருமை. கார் நல்ல கார்தான். ஆனால் ஃபுல்லாக இருக்கிற சார்ஜை எங்கே செலவழிப்பது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மே மாசம் அதில் ஊட்டி போனோம். கோயமுத்தூரில் கிளம்பும்போதே ஈவி மோடு, அதாவது பெட்ரோலைத் தொடாமல் பேட்டரியில் மட்டும் ஓட்டம். மேட்டுப்பாளையத்துக்குள் பாதி காலி. பர்லியார் தாண்டியதும் மிச்சமும் தீர்ந்தது. அப்புறம் குன்னூர் வரைக்கும் இன்ஜின் போட்ட கத்தலில் பின்சீட்டில் தூங்கின குழந்தை எழுந்துகொண்டது.

கணக்கு சாதாரணம்தான். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். ஆளோடு 2 டன் வருகிற வண்டியை அவ்வளவு உயரம் தூக்கவே 10 யூனிட் வேண்டும். சாலை உராய்வு, ஏசி எல்லாம் தனி. அவர் பேட்டரியில் புழங்கக் கிடைப்பது 14 யூனிட். அதில் பாதியைச் சமவெளியிலேயே கரைத்துவிட்டால் மலைக்கு என்ன மிஞ்சும்? மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரே சீராகப் போகும்போது பெட்ரோல் இன்ஜின் சிக்கனமாகவே ஓடும். அங்கே ஹோல்டு மோடில் போட்டு சார்ஜைக் காப்பாற்றி வைத்திருந்தால், ஏற்றத்தில் மோட்டார் கைகொடுத்திருக்கும். காந்திபுரம், உக்கடம் மாதிரி நின்று நின்று போகிற இடத்தில் ஈவி மோடு போடுங்கள், சரி. ஓடிக்கொண்டே பெட்ரோலில் பேட்டரியை ஏற்றுகிற சார்ஜ் மோடு இருக்கிறதே, அது பெரும்பாலும் தண்டம். பெட்ரோலின் சக்தி மின்சாரமாகி, பேட்டரிக்குப் போய், திரும்ப மோட்டாருக்கு வருவதற்குள் ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சிந்தும்.

இதைவிடப் பெரிய கூத்து இறக்கத்தில். ஊட்டியில் தங்கின இடத்தில் சார்ஜர் இருந்தது. சும்மா விடுவாரா? நூறு சதவீதம் ஏற்றிவிட்டார். சீசன் நேரத்து ஒருவழிப் பாதை, இறங்குவது கோத்தகிரி வழி. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்துக்கொண்டே பேட்டரியை நிரப்பும். பேட்டரிதான் நிறைந்து கிடக்கிறதே, எங்கே போய் நிரப்பும்? ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தும் வண்டி முன்னைப்போல் பிடிக்கவில்லை. கால் வைக்காமலே இன்ஜின் உறுமுகிறது. அது இன்ஜின் பிரேக்கிங், மோட்டாருக்குப் பதில் இன்ஜினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது என்று புரியாமல் "ஏனுங் மாப்ளே, வண்டி கெட்டுப் போச்சுங்களா?" என்கிறார். பாதி இறக்கத்தில் பிரேக் கருகுகிற வாடை. ஓரங்கட்டி, டீ குடித்து, சக்கரம் ஆறும் வரை உட்கார்ந்திருந்தோம்.

பாதி சார்ஜோடு கிளம்பியிருந்தால், கீழே வருவதற்குள் நாலைந்து யூனிட் சும்மா ஏறியிருக்கும். காசு கொடுத்து ஏற்றி, சும்மா வருவதற்கு இடம் இல்லாமல் பண்ணினார்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து பேப்பரில் எழுதியே காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நேற்று போன் பண்ணினார். அடுத்த வாரம் வால்பாறை போகிறாராம், ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. "மேல சார்ஜர் இருக்குதுங்களா மாப்ளே?"