காய்ச்சாத பாலும் கட்டுப்போட்ட கையும்

கையில மாவுக்கட்டு விழுந்தா அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். சொந்தபந்தத்துல இருக்கற அத்தனை எலும்பு நிபுணரும் வீடு தேடி வந்துருவாங்க. எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேரா, அதுவும் தலைகீழாப் பிடிச்சு, "ம்ம்ம்"னு ஒரு இழுப்பு. ஃபீஸ் ஒரு டம்ளர் காபி.

இன்னிக்கு வந்தது பெரியப்பா. கையில தூக்குப்போசி. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்காரிக்கு உத்தரவு: "அம்மிணி, ஒரு டம்ளர் கொண்டா." மூடியைத் திறந்தா கறந்த பால். நுரை அடங்கி, ஓரமா ஒரு வைக்கோல் துணுக்கு மிதக்குது. அதைச் சுண்டுவிரலால எடுத்து வேட்டியில தேய்ச்சுட்டு, டம்ளர் வழிய ஊத்தி என் இடது கையில திணிச்சாரு. அந்தச் சுண்டுவிரல் காலையில எந்த மாட்டோட எந்த இடத்துல இருந்துச்சோ!

"காய்ச்சிக் குடிக்கறேனுங்க பெரியப்பா."

"காய்ச்சுனா கால்சியம் போயிரும் கண்ணு. அப்படியே குடி."

எங்கீங்க போகும்? கால்சியத்துக்கு என்ன பஸ்ஸா காத்திருக்கு? அது தாது. பால் கொதிச்சா ஆவியாப் போறது தண்ணி. 100 மில்லி பால்ல ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம். பொங்கினாலும் அதே, பாக்கெட்டுல வந்தாலும் அதே. சூட்டுல கொஞ்சம் வைட்டமின் சி குறையும்தான். பால்ல அது இருந்ததே பேருக்குத்தான். ஒரு நெல்லிக்காயைக் கடிச்சா முடிஞ்சது.

இதெல்லாம் சொன்னேன். கேட்டாரா? "என்ற அய்யன் மடியில வாய் வெச்சே குடிச்சாரு, தொண்ணூறு வயசு இருந்தாரு." சரி. அந்த அய்யன்கூடப் பொறந்ததுல பாதி பேரு பல்லு முளைக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்தாங்களே, அவங்களை யாரு கணக்குல எடுத்தா?

பச்சைப் பால்ல புருசெல்லான்னு ஒரு கிருமி வரும். கால்நடை மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. விட்டு விட்டுக் காய்ச்சல், அப்புறம் இடுப்பு மூட்டு, முதுகெலும்புன்னு போய் உட்கார்ந்துக்கும். அதாவது எலும்புக்குன்னு குடிச்ச பால் எலும்பையே பதம் பாக்கும். இதைவிட ஒரு கூத்து வேணுமா? கிருமி சாக 72 டிகிரியில 15 விநாடி போதும். வீட்டுல ஒரு பொங்கு பொங்க விட்டா வேலை முடிஞ்சது. நம்ம ஆளுங்க புது வீடு புகுந்தா பால் காய்ச்சறாங்க. பச்சையா ஊத்தறது பாம்புப் புத்துக்கும் சுடுகாட்டுக்கும்தான். இதுல நான் எந்தக் கணக்குங்க பெரியப்பா?

அது போக ஆட்டுக்கால் சூப்பு வேற தினம். கால்சியம் முக்கால்வாசி அந்த எலும்புலயே பத்திரமா உட்கார்ந்திருக்கு, என் டம்ளருக்கு வர்றது மிளகும் கொழுப்பும்தான். ருசியா இருக்கு, குடிக்கறேன். அத்தை அரைச்ச பிரண்டைத் துவையலும் அப்படித்தான், சோத்துக்கு நல்லா இருக்கு. மச்சான் ஒருத்தன் மாவுக்கட்டைப் பிரிச்சுட்டு, நாட்டு வைத்தியக் கட்டுப் போடப் புத்தூருக்குக் கிளம்பலாங்கறான்.

எலும்பு கூடறது ஒரு ராத்திரி வேலையா? முறிஞ்ச இடத்துல முதல்ல ரத்தம் உறையும், அப்புறம் குருத்தெலும்பு மாதிரி மெத்துனு ஒண்ணு வளரும், அதுல சுண்ணாம்பு ஏறி இறுகும். மணிக்கட்டுன்னா கட்டே ஆறு வாரம் கிடக்கும். முழுசாப் பழைய உறுதிக்கு வர மாசக்கணக்கு. அதுக்கு முட்டை, பருப்பு, மீனு, கொஞ்சம் வெயிலு வேணும். கேழ்வரகுல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. களி கிண்டிப் போடுங்கன்னா, "அது எதுக்கு, ஏழைப்பட்டவங்க சாப்பாடு"ங்கறாங்க.

இத்தனை பேசிட்டு நம்ம பெரியப்பா என்ன பண்ணாருன்னு நினைக்கறீங்க? என் கட்டிலுக்குப் பக்கத்துலயே ஜன்னல்ல சாஞ்சு ஒரு சிகரெட்டைப் பத்த வெச்சாரு! எலும்பு கூடறதைத் தாமதப்படுத்தறதுல புகைக்கு எப்பவும் முன்வரிசைதான்னு எலும்பு டாக்டர் அத்தனை பேரும் தலையில அடிச்சுக்கறாங்க. இவரு என் மூஞ்சியில ஊதிட்டே, "இயற்கைதான் கண்ணு எல்லாம்"ங்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா கட்டு போட்ட கை ஆடுது, ஆடினா வலிக்குது, வலிச்சா அவரு, "பாத்தியா, சத்து இல்ல"ங்கறாரு.

கடைசியில ஃபோன் வந்துச்சுன்னு அந்தப் பக்கம் திரும்பினாரு. பாலு அடுப்புக்குப் போயிருச்சு. வந்த காபியை அவரே உறிஞ்சிட்டு, "பாலு திக்கா இருக்குது பாரு"ன்னாரு.

அதை விடுங்க. அந்த பேங்க்காரங்களை என்ன பண்றது? செக்குல இடது கையால கையெழுத்துப் போட்டா ஒத்துப்போகலையாம். கட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டிட்டு நல்லாப் பாத்தாங்க. அப்புறம், "வலது கையாலயே போட்டுருங்க சார், உங்களுக்கும் ஈஸி"ங்கறாங்க!