பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல இருக்கிறவன் யாருக்கும் வேண்டாம்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி கூட்டத்துல அந்த இன்சூரன்ஸ் அதிகாரி பேசின வீடியோவை இங்க பாதிப் பேர் பார்த்தாச்சு. எந்தக் கம்பெனின்னு இன்பாக்ஸ்ல கேட்காதீங்க, சொல்றதா இல்ல. "பத்துப் பதினஞ்சு பேர் இருக்கிற யூனிட்டுக்கெல்லாம் கிராஜுவிட்டி, பென்ஷன்னு அலைஞ்சா எங்களுக்குக் கட்டுப்படியாகாது"ங்கிறார். அதுக்கு முன்வரிசை முதலாளிமாரும் சிரிச்சாங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

மார்க்கெட் இருக்கு சார். இறங்கத்தான் உங்களுக்கு மனசில்ல.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்ப சர்வீஸுக்காக முதலாளி கொடுக்கிற மொத்தத் தொகை, 10 பேர்லேருந்தே கட்டாயம். பி.எஃப்.பும் அதோட வர்ற மாசப் பென்ஷனும் கட்டாயமாகுறது 20 பேர் ஆனதுக்கு அப்புறம்தான். 1972 சட்டத்துலயும் அந்த 10தான், புதுசா வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அதே 10தான். அப்ப 12 பேர் வச்சிருக்கிற சேதராப்பட்டு லேத் பட்டறையில என்ன நிலைமை? முதலாளி தலையில கிராஜுவிட்டிக் கடன் வருஷா வருஷம் ஏறுது. தொழிலாளிக்கு மாசப் பென்ஷன்னு ஒரு பைசா கிடையாது. இந்த ரெண்டு ஓட்டையையும் அடைக்கிற சரக்கு இன்சூரன்ஸ்காரங்க கையிலதான் இருக்கு.

கணக்கு பெரிய கணக்கில்ல. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 வாங்குறவருக்கு 15/26 (மாசத்துக்கு 26 நாள்னு வச்சு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்) போட்டா வருஷத்துக்கு 7,500. மாசத்துக்கு 625 ரூபாய். 12 பேருக்கு வருஷம் 90,000. எடுத்து வைக்கலைன்னா? 18 வருஷம் வேலை பார்த்தவர் கிளம்பும்போது 1,35,000 ரூபாயை 30 நாளுக்குள்ள கொடுக்கணும். அதே ஆளுக்குச் சம்பளம் 15,600 ஆகியிருந்தா பழைய வருஷங்களும் சேர்ந்து 1,62,000. இந்த 27,000 எங்கேருந்து வந்துச்சுன்னு முதலாளி முழிப்பாரு. கடைசிச் சம்பளத்தை வச்சுத்தான் மொத்த சர்வீஸுக்கும் கணக்குங்கிறதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இதைச் சொல்றதே பாதி வியாபாரம்.

"பேங்க் எஃப்.டி.ல போட்டா போதாதா?"ன்னு வருவாங்க. போதாதுங்க. எஃப்.டி. கம்பெனி பேர்ல நிக்குது, இரும்பு வாங்கப் பணம் முடைன்னா முதல்ல உடைக்கிறது அதைத்தான். கணக்குப் புத்தகத்துல கிராஜுவிட்டி ஒதுக்கீடுன்னு எழுதி வச்சாலும் வருமான வரியில கழிவு வராது. பணத்தைக் கொடுத்திருக்கணும், இல்லன்னா கிராஜுவிட்டிக்குன்னே அங்கீகரிக்கப்பட்ட டிரஸ்ட்டுல கட்டியிருக்கணும்.

டிரஸ்ட்டுன்னதும் முதலாளி ஓடுறார், நியாயம்தான். முத்திரைத்தாள்ல பத்திரம், அறங்காவலர்கள், வருமான வரி ஆணையர்கிட்ட அங்கீகார விண்ணப்பம், வருஷா வருஷம் ஆள் பட்டியல். மாதிரிப் பத்திரம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்களே கொடுப்பாங்க. கொடுத்துட்டு, அதோட காணாமப் போயிடுவாங்க. நிஜமா சிக்குற இடம் பட்டியல்தான். பேர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம், இந்த நாலு கட்டம் சரியா இருந்தா ஆக்சுவரி (இன்சூரன்ஸ் கணக்கு நிபுணர்) கணக்குப் போட்டுடுவார். ஆனா ரெஜிஸ்டர்ல சேர்ந்த தேதிக்கு நேரா "தீபாவளிக்கு அப்புறம்"னு எழுதியிருக்கும். ஆதார்ல பிறந்த வருஷம் ஒண்ணு, ரேஷன் கார்டுல வேற. ஒரு பையனை அனுப்பி ரெண்டு நாள் உட்கார வச்சா தீர்ற வேலை. அந்தப் பையனுக்கு யார் சம்பளம் கொடுக்குறதுங்கிறதுதான் உங்க "கட்டுப்படியாகாது"!

"ஏஜென்ட் பொழைக்க வேண்டாமா?" பொழைக்கட்டுமே! அதே முதலாளிக்கு, அவர் பொண்டாட்டிக்கு, மச்சானுக்கு எண்டோமென்ட் (சேமிப்போட சேர்ந்த ஆயுள் காப்பீடு) பாலிசி விக்க மட்டும் மிஷன் வீதியிலேருந்து பைக்ல வர முடியுதே. ஒருதடவை அந்தப் பட்டியல் கையில வந்துட்டா அதே பேர்களுக்கு குரூப் டேர்ம் (கூட்டா எடுக்கிற ஆயுள் காப்பீடு), பிறகு என்.பி.எஸ். (தேசியப் பென்ஷன் திட்டம்), கடைசியில ஆன்யுட்டி (மொத்தமா பணம் கட்டி, பென்ஷனா வாங்கிக்கிறது). என்.பி.எஸ்.லேருந்து வெளிய வர்றவர் ஆன்யுட்டி வாங்குறதா இருந்தா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகிட்டதான் வாங்கணும். அதாவது உங்ககிட்டதான்.

"20க்குக் கீழயும் விரும்பினா பி.எஃப்.ல சேரலாமே"ன்னு ஒரு நண்பர். சேரலாம். யார் சேர்ந்திருக்காங்க, சொல்லுங்க.

கர்நாடகத்துல 2024ல கிராஜுவிட்டி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கினாங்க. அங்க மட்டும் எப்படிங்க கட்டுப்படியாகுது? இங்கயும் அரசாணை வந்துட்டா மறுநாளே கோட் போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க.

இதெல்லாம் ஆண்கள் வேலை பார்க்கிற பட்டறைக் கதை. பண்ருட்டி பக்கம் முந்திரிப் பருப்பு உடைக்கிற பொம்பளைங்களைப் பத்தி அந்தக் கூட்டத்துல ஒரு வார்த்தை வரல. கிலோ கணக்குல கூலின்னா கிராஜுவிட்டி இல்லைன்னு அவங்களை நம்ப வச்சிருக்காங்க. பச்சைப் பொய். துண்டுக் கூலிக்கு, கடைசி மூணு மாசக் கூலியைச் சராசரி பண்ணி ஒருநாள் கூலி எடுக்கணும், ஓவர்டைம் சேராது. சீசன் யூனிட்டா இருந்தா ஒரு சீசனுக்கு ஏழு நாள் கூலி. பென்ஷனுக்கு அரசோட அடல் பென்ஷன் திட்டம் இருக்கேன்னா, 40 வயசோட அதோட கதவு சாத்தியாச்சு. அமைப்புசாராத் தொழிலாளிக்கான ஷ்ரம் யோகி பென்ஷன் திட்டமும் அதே 40. கை முழுக்க முந்திரித்தோல் எண்ணெய் பட்டு வெந்துபோன 45 வயசுக்காரிக்கு இவங்ககிட்ட என்ன சரக்கு இருக்கு? அடுத்த கூட்டத்தைப் பண்ருட்டியில வைங்க. முன்வரிசையில அவங்களை உட்கார வைங்க. அப்ப சிரிக்கட்டும் பார்ப்போம்.