அந்த 22 சதவீதம் எங்கே போனது?

பறக்கும் தட்டு என்றாலே சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவன்தான் நானும். பறக்கும் தட்டைப் பார்த்ததாக வந்த தகவல்களை விசாரித்த, அமெரிக்க விமானப்படையின் ‘புளூ புக்’ திட்டத்துக்காகத் தயாரான 14ஆம் சிறப்பறிக்கையை அட்டவணை அட்டவணையாகப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

1947 முதல் 1952 வரை வந்த தகவல்களைக் கொலம்பஸ் நகரத்து பட்டெல் ஆய்வு நிறுவனம் அலசியது. நிறம், வடிவம், வேகம், எண்ணிக்கை, பிரகாசம், எவ்வளவு நேரம் தெரிந்தது என்று எல்லாம், இயந்திரம் படித்து எண்ணும் துளை அட்டையில் ஏறின. ஒரு விமானி பதைபதைப்போடு சொன்னது, அட்டையில் சில துளைகள். எனக்கு அதில் குறையில்லை; அப்படித்தான் எண்ண முடியும்.

மொத்தம் 3,201 சம்பவங்கள். சுமார் 69 சதவீதம் பலூன், விமானம், நட்சத்திரம் என்று அடையாளம் காணப்பட்டன. 9 சதவீதத்துக்குத் தகவல் போதவில்லை. மீதி 22 சதவீதம் ‘தெரியாதவை’. தகவல் போதாதவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். போதிய விவரம் இருந்தும் விளக்கம் கிடைக்காதவைதான் இந்த 22.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு அட்டவணை. தகவலின் தரம் மிகச் சிறப்பு என்று மதிப்பிடப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ‘தெரியாதவை’. தரம் மோசமானவற்றில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. குடிகாரர் உளறலும் குழப்பமும்தான் காரணம் என்றால், இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இரு தொகுதிகளின் வேறுபாடு வெறும் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் முறையான கை-வர்க்கச் (chi-square) சோதனையும் செய்தார்கள். ஆறு பண்புகளில் ஐந்தில், தெரிந்தவையும் தெரியாதவையும் தற்செயலாக இவ்வளவு வேறுபட நூற்றில் ஒரு வாய்ப்புகூட அரிது. இதைப் பிடித்துக்கொண்டு வேற்றுக்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள் என்று துள்ளுவதையும் நான் ஏற்க மாட்டேன். விசித்திரமாக இருந்ததால்தானே ஒரு சம்பவம் ‘தெரியாதவை’ பட்டியலுக்கே போகிறது. வேறுபாடு தெரிவது ஓரளவு இயல்பு.

ஆனால் 1955 அக்டோபரில் விமானப்படைச் செயலர் டொனால்ட் குவார்ல்ஸ் வெளியிட்ட செய்தியறிக்கை முன்னிறுத்தியது, அண்மைக் காலத்துத் தகவல்களில் ‘தெரியாதவை’ 3 சதவீதம்தான் என்பதை. கூடுதல் விவரம் கிடைத்திருந்தால் அவையும் விளங்கியிருக்கும் என்றது. விவரம் போதாதவை வேறு, விளங்காதவை வேறு என்று அவர்களே பிரித்து எண்ணிய பிறகு இப்படிச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

1969இல் திட்டத்தை மூடியபோது 12,618 சம்பவங்களில் 701 விளக்கமின்றி நின்றன. அந்தக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.