மின்சிகரெட் பற்றிக் கேட்டவர்களுக்கு

சிகரெட்டை விட்டு 4 ஆண்டுகள் ஆகின்றன என்று சென்ற வாரம் எழுதியதிலிருந்து, நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு மாறினால் இந்தப் பழக்கத்தை விட முடியுமா என்று பலர் உள்பெட்டியில் கேட்கிறார்கள். தேவனாம்பட்டினத்தில் எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். புதுச்சேரியில் ஒரு கடையில் மறைவாக வாங்கியதாகச் சொல்லி, பென்டிரைவ் அளவிலான கருவி ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மாம்பழ வாசனை அடித்தது. இதில் எவ்வளவு நிக்கோட்டின் இருக்கிறது என்று கேட்டேன். உறையை இருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எங்களுக்குப் படிக்கத் தெரியாத சீன எழுத்துகள்தான் இருந்தன.

மின்சிகரெட்டால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து மின்சிகரெட் பெற்றவர்களில் 18 சதவீதம் பேரும், நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதம் பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். புகையிலை எரியாததால், சிகரெட்டில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் பெருமளவு தவிர்க்கப்படுகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் இரு தரப்புக்குமே வாரந்தோறும் ஆலோசனை கிடைத்தது. மின்சிகரெட் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும், மின்சிகரெட்டின் துணையோடு சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் அந்தக் கருவியை விடவில்லை. தம்பியின் கையில் இருப்பதோ அளவும் தெரியாத, ஆலோசனையும் இல்லாத கள்ளச் சரக்கு. அங்கே கிடைத்த பலனை இதனிடம் எப்படி எதிர்பார்ப்பது?

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். எரியும் சிகரெட்டை மட்டும் பெட்டிக்கடையில், கயிற்று நெருப்போடு, ஒற்றையாகவே வாங்கிவிடலாம். இந்த முரண் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. அதற்காகக் கள்ளச் சரக்கு மருந்தாகிவிடாது.

நான் விட்டது 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்தால். முதல் முயற்சி படுதோல்வி. மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கிழித்துக் கொடுத்ததோடு சரி, எப்படி மெல்வது என்று சொல்லவில்லை. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, பபுள்கம் போல விடாமல் மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் நிற்கவில்லை, மாலையில் மறுபடியும் பெட்டிக்கடை வாசலில் நின்றேன். பிறகு ஓர் அரசு மருத்துவமனையின் ஆலோசகர்தான் முறையைக் கற்றுக்கொடுத்தார். மிளகுக் காரம் போலச் சுருக்கென்று தெரியும் வரை மெதுவாக மென்று, உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் டீயோ காபியோ கூடாது. டீ குடிக்காமல் இருப்பதுதான் எனக்குச் சிகரெட்டை விடுவதைவிடக் கடினமாக இருந்தது.

புகையிலையை விட விரும்புவோருக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. தம்பி அதைக் குறித்துக்கொண்டார். கருவியை என்ன செய்வது அண்ணே, 1,500 ரூபாய் கொடுத்தேனே என்று கேட்டுக்கொண்டேதான் போனார்.