பால்வாடி மூன்றரைக்குப் பூட்டிவிட்டால்?

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பெண்கள் வேலையை விடுகிறார்கள், அதனால் அங்கன்வாடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. சரிதான். ஆனால் எண்ணிக்கையைவிட நேரம்தான் எங்களுக்குப் பிரச்சினை.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை பத்துக்குப் போனால் இரவு ஒன்பதாகும், தீபாவளி சமயத்தில் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருப் பால்வாடி (அங்கன்வாடியை இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்) மூன்றரைக்கு மூடிவிடும். அங்குள்ள டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். முட்டை, சத்துமாவு, பாட்டு, எடை பார்ப்பது, அதற்கு மேல் ஆயிரம் பதிவேடு, எல்லாம் அவர் தலையில்தான். என் மகள் நிறங்களின் பெயரைக் கற்றதே அங்கேதான். மூன்றரைக்கு மேல் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் காய்ச்சல் என்றால் எனக்குச் சம்பளம் போச்சு.

2017ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் கடையில் பன்னிரண்டு பேர். துறைமுகத்தில் விடியுமுன் மீன் கூடையோடு ஏலத்துக்கு நிற்கும் அக்காக்களுக்கு முதலாளியே கிடையாது. அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

கடைத்தெருவுக்குப் பொதுவாக, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு ஒன்பதரை வரை ஒரு காப்பகம் நடத்தட்டும். மாதம் ஐந்நூறு கேட்டாலும் கொடுப்போம். இலவசமாகத்தான் வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.